பன்னிரண்டு பிரஷும் ஒரு கேள்வியும்

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் அக்கா என்று கேட்டார்கள். வெப்பநிலை பார்ப்பதும் படிவம் நிரப்புவதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கல்லூரியில் படித்துவிட்டு வருகிறீர்கள். நான் தரக்கட்டுப்பாடு படித்தது இந்தக் குளிர் நாட்டில், மில்லிக்கன் என்ற இடத்தில், ஒரு ரொட்டித் தொழிற்சாலையின் ஈரத் தரையில். அங்கே நான் கெட்டிக்காரியாக நடந்துகொண்ட நாட்களைப் பற்றி என் பிரியாவிடையில் போதும் போதும் என்கிற அளவுக்குப் பேசிவிட்டார்கள். கேக்கும் வெட்டினார்கள். ஆகவே நான் மற்ற நாளைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் தொழிற்சாலை செய்தது உறைய வைத்த மரக்கறி ரொட்டி. உருளைக்கிழங்கும் பருப்பும் உள்ளே வைத்து மடித்து, சூட்டுத் தட்டில் எண்ணெய் பூசி வாட்டி, உறைய வைத்துப் பெட்டியில் அடைப்போம். முதலில் பக்கத்து ஸ்காபுரோக் கடைகளுக்கு மட்டும்தான் போனது. பிறகு வளைகுடா நாடு ஒன்றில் விமானப் பயணிகளுக்குச் சமைக்கும் கூடம் ஒன்று எங்கள் ரொட்டியைக் கேட்டது. அது முஸ்லிம் நாடு. அங்கே போய் இறங்கும் ஒவ்வொரு கொன்ரெயினரோடும் ஹலால் சான்றிதழ் போக வேண்டும். அந்த நாடு தன் பட்டியலில் சேர்த்துக்கொண்ட ஓர் அமைப்புத்தான் அதைக் கொடுக்கலாம். அமைப்பு ஒருமுறை தவறினால் பட்டியலில் பெயரை வெட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு அவர்கள் தரும் கடதாசியில் பருப்புவடைதான் சுற்றலாம்.

நான் பிறந்ததிலிருந்து மச்சம் மாமிசம் தொடாதவள். எங்கள் ரொட்டியில் இறைச்சி இல்லை, முட்டை இல்லை, பால்கூட இல்லை. இதில் ஹலால் பார்க்க என்னதான் இருக்கிறது என்று வாய்க்கொழுப்பாக நினைத்தேன். எங்கள் தொழிற்சாலையில் கோயில் பிரசாதமே செய்யலாம் என்று வருகிறவர்களிடம் பெருமை அடிப்பேன். மரக்கறி என்றால் எல்லாருக்கும் சுத்தம்தானே என்பது எங்கள் ஆட்கள் மட்டும் செய்யக்கூடிய பிழை. அதை நான் நன்றாகவே செய்தேன்.

எங்களைப் பரிசோதிக்க அந்த அமைப்பிலிருந்து வந்தவர் யாழ்ப்பாணத்து முஸ்லிம். போர்க்காலத்தில் எங்கள் இயக்கம் ஊரை விட்டுப் போகச் சொல்லி அனுப்பிய முஸ்லிம்களில் ஒருவர். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு நாளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அதுவும் என் கணக்கில் உள்ள குறைதான். அவரை நான் நானா என்று கூப்பிட்டேன். அவர்கள் அண்ணனை அப்படித்தான் சொல்வார்கள். இதில் அவருடைய பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார்.

அவர் வேலை செய்கிற விதத்தைச் சொல்கிறேன். ஒரு பெப்ரவரி காலையில் எண்ணெய் ஏற்றிய ராங்கர் லொறி வந்து நின்றது. பனி கொட்டுகிறது. நானா குழாயைப் பூட்ட விடவில்லை. இதற்கு முன்னால் அந்த ராங்கிக்குள் என்ன ஏற்றினார்கள் என்ற கடதாசியைச் சாரதியிடம் கேட்டார். சாரதியிடம் அது இல்லை. அவன் கத்துகிறான், எங்கள் முதலாளி கதவுக்கும் அலுவலகத்துக்கும் நடக்கிறார், எனக்கும் பொறுமை போய்விட்டது. இது வெறும் கனோலா எண்ணெய், உள்ளே வாருங்கள், விறைத்துச் சாகப் போகிறீர்கள் என்று கூப்பிட்டேன்.

"கனோலா சரி தங்கச்சி. அதுக்கு முதல் இதுக்குள்ள என்ன வந்தது எண்டு தெரியோணும்."

மூன்று மணித்தியாலம் பனியில் நின்றார். கடைசியில் போக்குவரத்துக் கொம்பனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. முந்தின சுமை மாட்டுக் கொழுப்பு. கழுவியதற்கு அத்தாட்சி இல்லை. ராங்கரைத் திருப்பி அனுப்பினோம். ஹலாலை விடுங்கள், அன்று அந்தக் குழாயைப் பூட்டியிருந்தால் என் சைவமும் அதோடு போயிருக்கும். நான் சொன்னேன் பார்த்தீர்களா என்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வெறும் தேத்தண்ணி மட்டும் கேட்டார்.

இன்னொரு தரம் இரண்டு பேருமாக ஒஷாவாவில் ஒரு களஞ்சியம் பார்க்கப் போனோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இனிப்பு ஒன்று கொண்டுவந்து வைத்தார்கள். நான் கரண்டியை எடுத்துவிட்டேன். நானா சமையலறைப் பக்கமிருந்து வந்தவர் என் தட்டை மெல்லத் தள்ளிவைத்தார்.

"உதைச் சாப்பிடாதேங்கோ. மேல பூசியிருக்கிறதுக்குள்ள ஜெலற்றின் கிடக்கு. மாட்டெலும்பில செய்தது."

அவர் தன்னுடைய தட்டை எடுத்துச் சாப்பிட்டார். அது ஹலால் ஜெலற்றின். அவருக்கு அதில் எந்தத் தடையும் இல்லை. எனக்காக மட்டும் எழுந்துபோய் டப்பாவைத் திருப்பி வாசித்திருக்கிறார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவர் எப்போதும் ஒரே ஒரு கேள்வி கேட்பார். பேனாவின் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "போன தரம் நான் வந்துபோன பிறகு இந்தக் கதவால புதுசா என்ன உள்ள வந்தது?" என்பார். மா மாறியதா, எண்ணெய் மாறியதா என்று கேட்க மாட்டார். கதவால் என்ன வந்தது என்றுதான் கேட்பார்.

ஒரு வருடம் நோன்பு மாதத்துக்கு முன்னால் எங்களுக்கு ரொட்டியில் எண்ணெய் பூசுவதில் பிரச்சினை. சிலிக்கன் பிரஷால் பூசினால் எண்ணெய் ஓரிடத்தில் குளமாக நிற்கிறது, இன்னோரிடத்தில் காய்கிறது. வேலை வரிசைக்குப் பொறுப்பாக இருந்த மல்லிகா, தும்பு வைத்த பிரஷ் வாங்கித் தந்தால் நல்லது என்றாள். நானே போனேன். ஸ்டீல்ஸ் வீதிப் பிளாசாவில் உணவகச் சாமான் விற்கும் கடையில் பன்னிரண்டு பிரஷ் வாங்கினேன். பெட்டியின் முகப்பில் 'இயற்கையானது' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. இயற்கை என்றால் நல்லதுதானே. எங்கள் ஆட்கள் மூலிகைச் சம்பூ வாங்குகிற மாதிரி சந்தோசமாக வாங்கிக்கொண்டு வந்தேன். ரொட்டியில் எண்ணெய் அளவாகப் பரவியது. மல்லிகாவுக்குப் பரம திருப்தி.

அடுத்த கிழமை நானா வந்தார். வரிசை கழுவுகிற நேரம், பிரஷ்கள் வாளியில் ஊறிக்கொண்டிருந்தன. மாக் களஞ்சியம் பார்த்தார், எண்ணெய்க் கடதாசி பார்த்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். வழமையான கேள்வி. ஒன்றும் இல்லை நானா, அதே மா, அதே எண்ணெய், அதே பருப்பு என்றேன். என் பதிலை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பதில் பொய் இல்லை. பிழை. அவர் கதவைப் பற்றிக் கேட்டார், நான் ரொட்டிக்குள் போகிறதைப் பற்றிப் பதில் சொன்னேன். ரொட்டிக்குள் போகாததும் ரொட்டியைத் தொடும், பிள்ளைகளே. கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். உங்களுக்குப் பதில் தெரிந்த கேள்வியாக அதை மாற்றிக்கொள்ளாதீர்கள்.

இனி அந்த நாள். நோன்பின் மூன்றாம் கிழமை. கொன்ரெயினர் ஏற்றுகிற நாள். பின்நேரம் இரண்டு மணிக்கு அதை இழுத்துக்கொண்டு போக றக் வரும். காலை பதினொரு மணிபோல மல்லிகா என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, தலைமயிர் கருகின மணம் ஒண்டு வருது. ஆருக்கோ தொப்பி கழண்டிட்டுது போல."

ஒவ்வொருத்தியின் தலையாகப் பார்த்தேன். எல்லாருக்கும் வலைத் தொப்பி ஒழுங்காக இருந்தது. பிறகுதான் சூட்டுத் தட்டைப் பார்த்தேன். பிரஷிலிருந்து கழன்ற நாலைந்து தும்பு அதன் ஓரத்தில் சுருண்டு கருகிக்கொண்டிருந்தது. நைலோன் என்றால் உருகி ஒட்டும். இது மயிர் மாதிரிக் கருகியது. மூன்று தும்பைப் பிடுங்கிக்கொண்டு பின்கதவுக்குப் போனேன். அங்கே புகைத்துக்கொண்டு நின்ற ஒருவரிடம் லைற்றர் வாங்கிக் கொளுத்திப் பார்த்தேன். சடசடவென்று எரிந்து சாம்பலானது. களஞ்சிய அறையில் பழைய பெட்டியைத் தேடி எடுத்தேன். அடிப்பக்கத்தில், பார்கோட்டுக்குக் கீழே, சின்ன எழுத்தில் இருந்தது. பன்றி மயிர்.

முதலில் வந்தது பயம் இல்லை, அருவருப்பு. ஒரு மாதமாக நானும் அந்த ரொட்டியைச் சுவை பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாளிக்குப் போன் எடுத்தேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, அவசரக்காரர். ரொட்டிக்குள் ஒரு மயிரும் இல்லைத்தானே என்றார். சோதித்துத்தான் அடைக்கிறோம், இல்லை என்றேன். இந்தக் கொன்ரெயினர் நின்றால் அந்தச் சமையற்கூடம் வேறு ஆளைப் பார்த்துவிடும், பிறகு பின்நேர வேலைமுறையை மூட வேண்டிவரும் என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னை வதைப்பது.

"முடிவை நீங்கள் எடுங்கோ அக்கா. நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்டுறன்."

அவர் என்னை வற்புறுத்தியிருந்தால் இன்றைக்கு அவரைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். பின்நேர வேலைமுறையில் நாற்பது பெண்கள். முக்கால்வாசிப் பேர் எங்கள் ஆட்கள், நான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து சேர்த்தவர்கள். அவர்களுடைய முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. விமானத்தில் அந்த ரொட்டியைச் சாப்பிடப் போகிறவர்களின் முகம் ஒன்றுகூட எனக்கு வரவில்லை. ஏனென்றால் அவர்களை நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் நானா போன் எடுத்தார். அந்தக் கொன்ரெயினரின் சான்றிதழை எழுதிக்கொண்டிருக்கிறார், தொகுதி இலக்கம் வேண்டும். சொன்னேன். எழுதிக்கொண்டார். பிறகு, பழக்கதோசத்தில், அதே கேள்வி.

"அண்டைக்குச் சொன்னதுதானே தங்கச்சி, புதுசா ஒண்டும் உள்ள வரேல்லைத்தானே?"

என் மேசையில் அந்தப் பெட்டி இருந்தது. பன்றி மயிர் என்ற எழுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒண்டும் இல்லை நானா" என்றேன்.

இதுதான் பொய். இத்தோடு முடிந்திருந்தால்கூட என்னைக் கொஞ்சம் மன்னித்திருப்பேன். அவர் போனை வைக்கவில்லை. அன்றைக்குப் பள்ளிவாசலில் நோன்பு திறக்கிறவர்களுக்குச் சாப்பாடு கொடுப்பது தன்னுடைய முறை என்றும், நாலு மணிக்கு வந்து பத்துப் பெட்டி ரொட்டி எடுத்துப்போகலாமா என்றும் கேட்டார். இல்லை என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். பெட்டி இல்லை என்றால் ஒரு கொன்ரெயினர் நிறைய இருக்கிறதே என்பார். வரிசை பழுது என்றால் என்ன பழுது என்று வந்து பார்ப்பார். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் கைவசம் இருக்கவில்லை. வாங்கோ என்றேன்.

இரண்டு மணிக்குக் கொன்ரெயினர் போனது. மல்லிகாவை அனுப்பி நைலோன் பிரஷ் வாங்குவித்தேன். பழையதைக் குப்பையில் போட்டு, வரிசை முழுவதையும் கிருமிநாசினியால் கழுவினோம். நாலு மணிக்கு நானா வந்தார். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர். நான் காசு வாங்கவில்லை. பத்துப் பெட்டியில் இரண்டை என் கையாலேயே தூக்கிப்போய் அவருடைய காருக்குள் வைத்தேன். அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் தரட்டும் தங்கச்சி என்று சொல்லிவிட்டுப் போனார். நான் திரும்பிவந்து நைலோன் பிரஷ் வாங்கிய ரிசீற்றைக் கோப்பில் போட்டேன். ரிசீற்றை ஒழுங்காகக் கோப்பில் போடுகிற பொய்க்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஐந்து மாதம் கழித்து அந்த நாட்டிலிருந்து மூன்று அதிகாரிகள் பரிசோதனைக்கு நேரில் வந்தார்கள். அவர்களோடு நானாவும் வந்தார். அலுவலக அறையில் முதலாளியும் நானும் இருந்தோம். கொள்வனவுக் கோப்பை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்கு அந்தத் தாள் புரள்கிற சத்தம் எப்படிக் கேட்டிருக்கும். பன்னிரண்டு பிரஷ் வாங்கிய ரிசீற்றில் ஒருவர் விரலை வைத்தார். பன்றி மயிர் பிரஷ் என்று சாமானின் பெயர் அதில் முழுசாக இருந்தது. இப்போது எங்கே என்று கேட்டார். பழசாகிப் போனதால் வழமைபோல மாற்றிவிட்டோம் என்றேன். அடுத்த ரிசீற்றையும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்து, இந்த இடைவெளியில் போன சரக்குக்குச் சான்றிதழ் கொடுத்தது யார் என்று கேட்டார்.

நானா இரண்டு ரிசீற்றையும் தன்பக்கம் இழுத்துப் பார்த்தார். நைலோன் பிரஷ் ரிசீற்றின் திகதியில் அவருடைய கண் நின்றது. அது அவர் என்னிடம் போனில் கேட்ட நாள். பத்துப் பெட்டி எடுத்துப்போன நாள். முதலாளியையும் என்னையும் தவிர அந்த அறையில் அந்தத் திகதியை வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். தலையை நிமிர்த்தி என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு அதிகாரிகளிடம் ஆங்கிலத்தில் சொன்னார், பிரஷ்களை நான் சோதிக்கவில்லை, அது என் கவனக்குறைவு என்று.

நான் வாயைத் திறக்கவில்லை. சொல்ல வேண்டியிருந்தது இரண்டே வசனம்தான். எனக்குத் தெரியும், நான்தான் மறைத்தேன். முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேசையில் கிடந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரிகள் எங்களிடம் சொன்னது இவ்வளவுதான். வரிசையை அவர்கள் முறைப்படி ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால். அதையும் நானாதான் வந்து செய்து காட்டினார். நான் குழாயைப் பிடித்தேன், அவர் ஒன்று இரண்டு என்று சத்தமாக எண்ணினார். ஒரே நாளில் முடிந்த வேலை. நான் பயந்த நாளிலேயே சொல்லியிருந்தால் அன்றைக்கும் அதே ஒரு நாள்தான் போயிருக்கும். கொன்ரெயினர் ஒன்று நட்டமாகியிருக்கும். மிச்சம் எல்லாம் இருந்திருக்கும்.

அவருடைய அமைப்பைப் பட்டியலில் இருந்து வெட்டினார்கள். அமைப்பு அவரை வீட்டுக்கு அனுப்பியது. எங்களுக்கு என்ன நடந்தது? ஒன்றும் இல்லை. வேறு அமைப்பு ஒன்றிடம் சான்றிதழ் எடுத்து இரண்டு மாதத்தில் மறுபடியும் ஏற்றத் தொடங்கினோம். நாற்பது பெண்களில் ஒருத்திக்கும் வேலை போகவில்லை. வேலை போனது அவர் ஒருவருக்குத்தான்.

அவர் மகளோடு விட்பியில் இருக்கிறார் என்று தெரியும். காரில் நாற்பது நிமிடம். போவதற்கு எனக்கு இரண்டு வருடம் எடுத்தது. ஓய்வு பெற்ற பிறகு, இனி எனக்கு ஒரு நட்டமும் வராது என்று ஆன பிறகுதான் போனேன். அந்தத் துணிவு எப்படிப்பட்ட துணிவு என்று நீங்களே சொல்லுங்கள்.

கதவைத் திறந்தவர் வாங்கோ தங்கச்சி என்றார். ஆள் மெலிந்திருந்தார். நான் உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். நீங்கள் போன் எடுத்த நேரம் அந்தப் பெட்டி என் மேசையில் இருந்தது, வாசித்துவிட்டுத்தான் உங்களிடம் இல்லை என்று சொன்னேன் என்றேன். அழுதுவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டு போனவள் அழுதுவிட்டேன்.

திகதியைப் பார்த்ததும் தனக்கு விளங்கிவிட்டது என்றார். அப்படியென்றால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கையெழுத்து என்னுடையதுதானே, கேட்டுவிட்டு விட்டுவிட்டேன், கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்றார். வேலையைப் பற்றி அதற்குமேல் ஒரு சொல் சொல்லவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அண்டைக்கு எனக்குத் தந்த பத்துப் பெட்டியும் அதே ரொட்டிதானே?"

"ஓம் நானா."

"எனக்குத் தெரியாமல் நடந்தது, எனக்குக் குற்றமில்லை. ஆனா அண்டைக்குப் பள்ளியில எல்லாருக்கும் நான்தான் என்ர கையால எடுத்துக் குடுத்தனான். அதைத்தான் மறக்க ஏலாமக் கிடக்கு."

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்வார் என்று ஒரு ஆசையும் இருந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும். அதையும் அவர் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போனார். இனி எழும்பிப் போகத்தான் வேண்டும் என்று பையை எடுத்துக்கொண்டேன்.

தேத்தண்ணியோடு வந்தார். ஒரு தட்டில் பிஸ்கட் வைத்திருந்தார். மூக்குக் கண்ணாடி அவருடைய நெற்றியில் ஏறியிருந்தது, வெறும் பிஸ்கட் பக்கற் ஒன்று கையில் இருந்தது.

"முட்டை இல்லை, ஜெலற்றின் இல்லை, கொழுப்பும் மரக்கறிக் கொழுப்புத்தான். நான் வாசிச்சுப் பாத்திட்டுத்தான் வைச்சனான். சாப்பிடுங்கோ."

நான் பக்கற்றைத் திருப்பிப் பார்க்கவில்லை. எடுத்துச் சாப்பிட்டேன்.